வாயைத் திறந்தால் 'டக்'... மூடினால் 'டக்'!

டீன் ஏஜ் பிள்ளைகளின் தாடை மூட்டுத் தொல்லை. எதற்குப் பயப்பட வேண்டாம், எதை அலட்சியம் செய்யக் கூடாது?

கரும்புச் சீசன் வந்துவிட்டால் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். திருவாலங்காடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டரிலிருந்து ஒரு கழியை உருவி, முட்டியில் வைத்து ஒடித்து, தோலைப் பல்லாலேயே உரித்து... அந்த ருசியே தனி! அப்படிக் கடிக்கும்போதோ, கொட்டாவி விடும்போதோதான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்கும். காதோரத்தில் 'டக்'!

"அம்மா, வாயைத் தொறந்தா இங்க ஏதோ டக்குன்னு அடிக்குதும்மா" என்று பத்தாவது படிக்கும் பெண் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உடனே ஒரு மாநாடு கூடிவிடும்.

"தவடை எலும்பு வெலகியிருக்கும்டி" என்பார் பாட்டி. "ஆமாமா, தவடதான்" என்று ஒத்துப் பாடுவார் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அத்தை. (எல்லை ஊரில் வலியும் பொது, வார்த்தையும் பொது!) "புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடலாம்" என்பார் மாமா. "காதுலதான் ஏதோ கோளாறு, ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டு" என்பார் அப்பா. யாரோ ஒருவர் வாயிலிருந்து 'ஆபரேஷன்' என்ற வார்த்தை விழும். அன்று ராத்திரி அம்மாவுக்குத் தூக்கம் போச்சு!

இத்தனை கலவரம் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் சில சமயம், இந்தச் சத்தம் நின்று போகும்போதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டும். 'என்னடா இது, தலைகீழாக இருக்கிறதே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காதுக்கு முன்னால் ஒரு கீல்

உங்கள் ஆள்காட்டி விரலைக் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு முன்னால் போய்ப் பின்னால் வருகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. டாக்டர்கள் சுருக்கமாக 'டி.எம்.ஜே.' என்பார்கள். பேச, சாப்பிட, விழுங்க, கொட்டாவி விட என்று நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்யும் மூட்டு.

முழங்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், அவ்வளவுதான். தாடை மூட்டு அப்படியில்லை. வாய் கொஞ்சம் திறக்கிறவரை கீல் மாதிரி சுழலும். அதற்கு மேல் பெரிதாகத் திறக்க வேண்டுமானால், கீழ்த்தாடையின் குமிழ் போன்ற நுனி தன் குழியை விட்டு முன்னால் சறுக்கிக்கொண்டு வரவேண்டும். சுழற்சி பாதி, சறுக்கல் பாதி.

எலும்பும் எலும்பும் நேராக உரசினால் தேய்ந்து போகாதா? அதற்காகத்தான் நடுவில் ஒரு மெத்தை. உறுதியான நார்த்திசுவால் ஆன சின்னத் தட்டு. பெயர் 'டிஸ்க்'. நடுவில் மெல்லிசு, ஓரங்களில் தடிமன். தலையில் வைத்த தொப்பி மாதிரி குமிழின் மேல் உட்கார்ந்துகொண்டு, குமிழ் எங்கே போனாலும் கூடவே போகும், கூடவே வரும். பின்பக்கம் அதைப் பிடித்து நிறுத்தும் தசைநார் தளர்ந்துவிட்டால், அந்தத் தொப்பி நெற்றிப் பக்கமாக நழுவிவிடுகிறது. 'டிஸ்க் விலகல்' என்பது இதுதான். பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும். பாட்டி சொன்னது பாதி சரி. விலகியது உண்மைதான், ஆனால் விலகியது எலும்பு அல்ல, மெத்தை!

சத்தம் போடும் கதவு, பூட்டிக்கொள்ளும் கதவு

விலகலில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதல் வகை: வாய் மூடியிருக்கும்போது டிஸ்க் முன்னால் நழுவியிருக்கும். வாயைத் திறந்ததும் குமிழ் முன்னால் வந்து, டிஸ்க்கின் தடித்த ஓரத்தைத் தாண்டி 'டக்' என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு வாய் தாராளமாகத் திறக்கும். மூடும்போது மறுபடி நழுவும். அப்போது சன்னமாக இன்னொரு 'டக்'. கண்ணாடி முன் நின்று மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தாடை ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணி, சத்தம் வந்ததும் நேராகிவிடும். சத்தம் போடும் கதவு, ஆனால் திறக்கிற கதவு.

இரண்டாம் வகை: டிஸ்க் நிரந்தரமாக முன்னால் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. குமிழால் அதன் மேல் ஏற முடியவில்லை. கதவுக்கடியில் கல் சிக்கிக்கொண்ட மாதிரி, ஓரளவுக்கு மேல் வாய் திறக்காது. இதில் சத்தம் இருக்காது! வாய் திறக்கும்போது தாடை கோளாறுள்ள பக்கமாகவே கோணிக்கொண்டு போய் அப்படியே நிற்கும். காதுக்கு முன்னால் 'சுருக்' என்று வலிக்கும்.

ஆரம்பத்தில் சொன்னோமே, அது இதுதான். ஆறு மாதமாக 'டக் டக்' என்றிருந்த பெண்ணுக்கு ஒருநாள் காலையில் சத்தம் நின்று போகிறது. "முருகா, நல்லவேளை, தானா சரியாப் போச்சு" என்று வீட்டில் நிம்மதி. அவளோ டிபனுக்கு வைத்த இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் வாயில் போடுகிறாள். கேட்டால், "வாய் அவ்வளவுதாம்மா தொறக்குது" என்கிறாள். சத்தம் போனதைப் பார்த்தார்கள். வாய் சுருங்கியதைப் பார்க்கவில்லை.

ஆகவே, காதால் கேட்பதை விட ஸ்கேலால் அளப்பதே புத்திசாலித்தனம். பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் போதும். வாயை முடிந்த மட்டும் திறக்கச் சொல்லி, மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 40 மில்லிமீட்டர், அதாவது 4 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் சரி. தாடை பூட்டிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் 25, 30 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். ஸ்கேல் இல்லையா? பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாயில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழைந்தால் நிம்மதி. இரண்டோடு நின்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம்.

ஏன் இந்த வயதில்?

சின்னக் குழந்தைகளிடம் இந்தச் சத்தம் குறைவு. பருவ வயதில் அதிகமாகிறது. அதிலும் ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளிடமே தொல்லை அதிகம். இதுதான் காரணம் என்று ஒரே ஒரு விஷயத்தைக் கை காட்ட முடியாது. பல சேர்ந்துதான் வரும்.

சிலருக்கு உடம்பில் எல்லா மூட்டுகளுமே தளர்வாக இருக்கும். கட்டைவிரலைப் பின்னால் வளைத்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி வித்தை செய்வார்களே, அவர்கள்! இன்னும் சிலருக்கு எப்போதோ பட்ட அடி. சைக்கிளிலிருந்து விழுந்து முகவாய்க்கட்டையில் தையல் போட்டிருப்பார்கள். தையல் ஆறிவிடும். விழுந்த வேகம் மூட்டுக்குள் போயிருப்பது தெரியாது.

அடுத்தது பல்லைக் கடிப்பது. பப்ளிக் எக்ஸாம் நெருங்க நெருங்க, பிள்ளைகள் தங்களை அறியாமல் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு படிப்பார்கள். சிலர் தூக்கத்தில் நறநறப்பார்கள். காலையில் எழுந்ததும் கன்னத்துச் சதையும் நெற்றிப்பொட்டும் வலிக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க சூயிங்கம், நகம் கடிப்பது, பேனா மூடியை மெல்லுவது, சோடா மூடியைப் பல்லால் திறந்து வீரம் காட்டுவது எல்லாமே மூட்டுக்குச் சுமை. கரும்பும் அப்படித்தான். நல்ல மூட்டு உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஏற்கெனவே வலியும் சத்தமும் இருக்கிற பிள்ளை இந்தப் பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்க வேண்டாம், சாறாகக் குடிக்கட்டும்.

சத்தம் ஒரு வியாதியா?

வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, சத்தம் மட்டும்தான் என்றால் அதற்கு வைத்தியமே தேவையில்லை. இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

ஃபின்லாந்து நாட்டில் 14 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அவர்களுக்கு 23 வயது ஆகும்வரை விடாமல் கவனித்தார்கள். 1996-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் அதன் முடிவு வந்தது. சத்தம் சிலருக்கு வந்தது, சிலருக்குப் போனது, போனவர்களில் சிலருக்கு மறுபடியும் வந்தது. ஆனால் அது வலியோடு கூடிய தாடைப் பூட்டில் கொண்டுபோய் விடவில்லை. 'இன்று சத்தம், நாளை பூட்டு' என்று பயமுறுத்துவதற்கு அடிப்படை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் விலகித்தான் இருந்தது! அவர்கள் பாட்டுக்குப் பட்டாணியும் முறுக்கும் கடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். எனவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'விலகல்' என்று இருந்தாலே வைத்தியம் என்று அர்த்தமில்லை. வைத்தியம் வலிக்கும், திறக்காத வாய்க்கும்தான். படத்துக்கு அல்ல.

அவசரப்பட்ட வைத்தியங்களின் கதை

விலகிய டிஸ்க்கை ஆபரேஷன் செய்து இழுத்துத் தைக்கலாம் என்று 1887-லேயே எழுதியவர் எடின்பரோவைச் சேர்ந்த சர்ஜன் தாமஸ் அனன்டேல். 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து ஈ.என்.டி. டாக்டர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலியும் தலைவலியும் தாடை மூட்டுக் கோளாறால் வரலாம் என்றார். பற்கள் சரியாகக் கடிபடாததுதான் காரணம் என்பது அவர் கணக்கு. காது டாக்டரைத் தேடிப் போகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தாடையில் கோளாறு என்பது இன்றும் சரி. ஆனால் 'கடி'தான் காரணம் என்ற அவரது விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. அதற்குள் எத்தனையோ பேருக்கு நல்ல பல்லை ராவித் தேய்த்துவிட்டார்கள்.

1980-களில் இன்னொரு படி மேலே போனார்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். ஆம், நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். வாயின் அழுத்தத்தில் அது தூள்தூளாக உதிர்ந்தது. அந்தத் தூளை எதிர்த்து உடம்பு போட்ட சண்டையில் பக்கத்து எலும்பே அரித்துப்போனது. 1990-91 வாக்கில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. ஆனால் பொருத்திக்கொண்டவர்களின் கஷ்டம் அதோடு முடியவில்லை.

இப்போது என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தாடை பூட்டிக்கொண்ட 106 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தும் ஆலோசனையும் மட்டும். இரண்டாவதுக்கு அதோடு பல் தட்டு, பயிற்சி. மூன்றாவதுக்குத் துளை வழி ஆபரேஷன். நான்காவதுக்குத் திறந்து செய்யும் ஆபரேஷன். ஐந்து வருஷம் கவனித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு பிரிவினருக்கும் குணம் தெரிந்தது. பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை! அப்படியானால் முதலில் எதைச் செய்வது? கத்தி படாததைத்தானே!

படிப்படியாக ஏறுங்கள்

திருத்தணி மலைக்கு 365 படி. ஒரே தாவில் உச்சிக்குப் போக முடியுமா? இந்த வைத்தியமும் அப்படித்தான். கீழ்ப்படியில் ஆரம்பிக்க வேண்டும். நிறையப் பேருக்கு மேல்படி வரை ஏற வேண்டிய அவசியமே வராது.

முதல் படி, மூட்டுக்கு ஓய்வு. சில வாரங்களுக்கு மெல்ல எளிதான சாப்பாடு, சின்னச் சின்னக் கவளம். கெட்ட பழக்கங்களை நிறுத்துவது.

இரண்டாவது, வலிக்கு ஒத்தடம். தேவைப்பட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரை, அவர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு மட்டும்.

மூன்றாவது, பயிற்சி. வாயை நேர்க்கோட்டில் மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சியை டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லித் தருவார்கள். பூட்டிக்கொண்ட தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வைக்கவும் பயிற்சி உண்டு.

நான்காவது, ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் 'ஸ்ப்ளின்ட்' எனும் அக்ரிலிக் தட்டு. வளரும் பிள்ளைகளுக்கு இதைப் போட்டால், டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் காட்டி வரவேண்டும். பல்லும் தாடையும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதல்லவா?

ஐந்தாவது, இதற்கெல்லாம் அசையாத பூட்டுக்கு, மூட்டைக் கழுவுவது. இரண்டு ஊசிகளை மூட்டுக்குள் செலுத்தி, சலைன் விட்டு அலசுகிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த டாக்டர் டோரிட் நிட்சானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-ல் எழுதிய முறை இது. கிழிப்பதில்லை, தைப்பதில்லை.

ஆபரேஷன் என்பது கடைசிப் படி. அதுவும் வெகு சிலருக்கே. வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு 'சத்தம் போக ஆபரேஷன்' என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேற்று வரை திறந்த வாய் இன்று திறக்கவில்லை என்றால் அந்த வாரத்திலேயே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். புதிதாக விழுந்த பூட்டைச் சில சமயம் டாக்டர் தன் கையாலேயே தாடையைப் பிடித்து விடுவித்துவிடுவார். நாள் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். அதற்காக, 'லேட்டாகிவிட்டதே' என்று இடிந்துபோகவும் வேண்டாம். பலருக்குப் பயிற்சியாலும் பொறுமையாலும் மாதக்கணக்கில் வாய் திரும்பத் திறந்துகொள்கிறது. டிஸ்க் தன் இடத்துக்குத் திரும்பாவிட்டாலும், அதன் பின்னாலிருக்கும் திசு மெல்ல மெல்லத் தடித்து மெத்தை வேலையை ஏற்றுக்கொள்கிறது.

கட்டுப் போடலாமா?

கை, கால் முறிந்தால் புத்தூர் கட்டு என்று கிளம்புவது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். அதனால்தான் மாமா அப்படிச் சொன்னார். ஆனால் இங்கே முறிந்தது எதுவும் இல்லை. முறிந்த எலும்பு கூட அசையாமல் இருக்க வேண்டும். டிஸ்க் நழுவிய தாடைக்கு அசைவுதான் மருந்து. அதைக் கட்டி வைத்தால் இன்னும் இறுகும். சுளுக்கு எடுக்கிறேன் என்று முகவாயைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவதும் கூடாது. டாக்டர் கையால் விடுவிப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

இவையெல்லாம் டிஸ்க் கோளாறு அல்ல, உஷார்!

வாய் திறக்கவில்லை என்றாலே டிஸ்க்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

* காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைப்பாக இருக்கிறது, வாய் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றால், பாக்கு, பான் மசாலா பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கினால் வரும் இந்த நிலை பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. பையன் வீட்டில் சொல்லியிருக்க மாட்டான். திட்டாமல் கேளுங்கள். உண்மை வந்தால்தான் வைத்தியம்.

* எங்கோ காயம் பட்டு, சில நாள் கழித்துத் தாடை இறுகி, கழுத்தும் விறைக்கிறது என்றால் அது டெட்டனஸாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் போடும் 'டி.டி.' ஊசியை விட்டுவிடாதீர்கள்.

* காலையில் தாடை விறைப்பு, கூடவே முழங்கால், மணிக்கட்டு வீக்கம் என்றால் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும்.

* முகவாய் ஒரு பக்கமாக நகர்கிறது, கீழ்த்தாடை பின்னுக்குப் போகிறது, முன்பற்கள் சேர மாட்டேன் என்கின்றன என்றால் எலும்பே தேய்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். வயதுப் பெண்களிடம் இது வருவதுண்டு.

* கீழே விழுந்து முகவாயில் அடிபட்ட பிறகு கடி மாறிவிட்டால், தாடைக் குமிழ் முறிந்திருக்கலாம்.

* பதினேழு பதினெட்டு வயதில், கடைவாயில் ஈறு வீங்கி, ஜுரத்தோடு வாய் திறக்கவில்லை என்றால், முளைத்துவரும் ஞானப்பல்லில் சீழ் கட்டியிருக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்! இதுதான் தாரக மந்திரம். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். நாக்கு நுனி மேல் அண்ணத்தில் லேசாகப் படிந்திருக்கட்டும். படிக்கிற மேஜையில் ஒரு பேப்பரில் எழுதி ஒட்டி வையுங்கள். பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

வலி இருக்கும் நாட்களில் இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், பருப்புக் கடைசல், வாழைப்பழம் எல்லாம் தோதானவை. இந்தப் பக்கத்துக் கேழ்வரகுக் களி இருக்கவே இருக்கிறது. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினால் பல்லுக்கு வேலையே இல்லை. முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், மட்டன் எலும்பு எல்லாம் கொஞ்ச நாளைக்கு லீவில் இருக்கட்டும். அதற்காக வருஷக்கணக்கில் கஞ்சியாகவே கொடுக்காதீர்கள். வலி குறையக் குறைய வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

கொட்டாவி வந்தால் கையால் முகவாயைத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கன்னத்தில் கை வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து மணிக்கணக்கில் செல்போன் பார்ப்பதைக் குறைக்கட்டும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து, பதினைந்து நிமிஷம் கொடுக்கலாம்.

முக்கியமாக ஒன்று. ஸ்நேகிதிகளுக்கு 'டக்' சத்தம் போட்டுக் காட்டுவதைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே செய்வார்கள். அதைத் தடுத்து நிறுத்துங்கள். நீங்களும், "எங்கே, இன்னொரு தடவை சத்தம் வருதா பார்க்கலாம்" என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் செய்து காட்டச் சொல்லாதீர்கள்!

சில சந்தேகங்கள்

பல்லுக்குக் கம்பி போட்டதால் இது வந்திருக்குமா? கம்பியால் வந்தது என்பதற்கும் ஆதாரமில்லை, கம்பி போட்டால் இது போய்விடும் என்பதற்கும் ஆதாரமில்லை. கோணல் பல்லை நேராக்கக் கம்பி போடுங்கள். தாடைச் சத்தத்தை நிறுத்துவதற்காகப் போடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியுமா? தெரியாது. முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் எலும்பும் பல்லும்தான் தெரியும். டிஸ்க்கைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது, எப்படிக் கோணுகிறது, எங்கே வலிக்கிறது என்பதை வைத்தே டாக்டர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகும்போது முகம் கோணிவிடாதே? சாதாரண டிஸ்க் சத்தத்தால் முகம் கோணுவதில்லை. வாய் திறக்கும்போது மட்டும் தெரியும் கோணல் வேறு, மூடியிருக்கும்போதே முகவாய் ஒதுங்கியிருப்பது வேறு. பின்னது இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நிச்சயமாக. கவலை, தூக்கமின்மை, பரீட்சை பயம் எல்லாம் வலியைக் கூட்டும். 'நடிக்கிறா' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலி நிஜம்தான். நல்ல தூக்கமும் நாலு வார்த்தை ஆறுதலும் மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்யும்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் ஊர் பல் டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவிலோ காட்டுங்கள். மேலே போக வேண்டியிருந்தால், 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தணியிலிருந்து மின்சார ரயில் ஏறிச் சென்னை போகிறவர்களுக்குத் தோதான இடம். 'முகம், தாடை அறுவை சிகிச்சை' பிரிவு என்ற பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பெயரில்தான் அறுவை இருக்கிறது. தாடை மூட்டுக்காக வருகிறவர்களில் பெரும்பாலானவர்களைப் பயிற்சியும் ஆலோசனையும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

போகும்போது ஒரு சின்ன நோட்டில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். சத்தம் எப்போது ஆரம்பித்தது? வலி உண்டா, எந்த நேரத்தில்? வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது? எப்போதாவது அடிபட்டதா? வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிய கணக்கு கையில் இருந்தால், குறைகிறதா கூடுகிறதா என்பது டாக்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வீட்டில் ஸ்கேல் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. இன்றைக்கே ஒருமுறை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்களேன்!